கண் திருப்பப்பட்ட தவளை

1940-களில் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரி தவளைகளின் பார்வை நரம்பை அறுத்தார். அறுத்ததோடு நிற்காமல், கண்ணையும் குழிக்குள்ளேயே 180 பாகை திருப்பி வைத்தார். மனிதருக்கு அந்த நரம்பு அறுந்தால் அறுந்ததுதான். தவளைக்கு மறுபடி வளரும். வளர்ந்தது, பார்வையும் திரும்பியது. ஆனால் இரை மேலே தெரிந்தால் தவளை கீழே பாய்ந்தது, முன்னால் இருந்தால் பின்பக்கம் திரும்பியது. எத்தனை முறை தவறவிட்டாலும் திருத்திக்கொள்ளவே இல்லை.

நரம்பிழைகள் மூளையில் தங்கள் பழைய இடத்தையே தேடிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. வேதிப்பொருள்களே அவற்றுக்கு அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன என்று 1963-இல் ஸ்பெர்ரி எழுதினார். அப்படி வழிகாட்டும் எஃப்ரின் என்ற புரதங்கள் 1990-களில் அகப்பட்டன.

உறுப்புக்கு உறுப்பு ஒரு பேரறிவின் கைவண்ணம் தெரிகிறது என்பவர்கள் இந்தத் தவளையைப் பார்க்க வேண்டும். கண் புரண்டு கிடக்கிறது என்று அந்த நரம்புக்குச் சொல்ல யாருமில்லை. உடல் பசியில் இரையைத் தவறவிட்டுக்கொண்டிருக்க, நரம்பு தன் வேதியியலை மட்டும் பிசகாமல் செய்து முடித்தது.

இத்தோடு கைதட்டிவிட்டுப் போய்விடலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. தவளையைக் காக்க மேலே ஒருவரும் இல்லையென்றால், பொறுப்பு முழுவதும் கத்தி பிடித்த கையின்மேல் விழுகிறது. விலங்குகள் மனிதனுக்காகவே படைக்கப்பட்டவை என்ற மத வாதத்தைத் தூக்கியெறிந்த நம்மில் பலர், ‘அறிவியல் முன்னேற்றத்துக்காக’ என்று அதையே மாற்றிச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். தவளையின் நரம்பு நம் நரம்பைப் பற்றியும் ஏதோ சொல்லும் என்று நம்பித்தானே அதை அறுக்கிறோம்? அதன் வேதனை மட்டும் நமக்கு எப்படி அந்நியமாகும்?

ஆய்வுக்கூடங்களை மூடச் சொல்லவில்லை. முகநரம்பு அறுந்து வாய் கோணிப்போனவருக்கு இன்று நரம்பை ஒட்டித் தைக்க முடிகிறது. அந்த வித்தை விலங்குகளின் உடலில் பழகியது. இந்தக் கடனை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். விலங்கு இல்லாமலே முடியுமா, குறைந்த எண்ணிக்கையில் முடியுமா, வலியைத் தணிக்க முடியுமா என்று பிரிட்டிஷ் அறிவியலாளர்களான ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-லேயே ஆய்வாளர்களைக் கேட்டுவிட்டார்கள். இந்த மூன்றையும் யோசிக்காமல் ஆய்வு அனுமதிப் படிவத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிட்டுக் கத்தியை எடுக்கிறவர், ஆட்டின்மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பியதும் சம்மதம் கிடைத்ததென்று அரிவாளை ஓங்கும் பூசாரியிடமிருந்து எந்த வகையில் வேறுபட்டவர்?