கோடு வளையும் இடம்

மின்சாரத்தைப் பற்றித் தர்ம விசாரம் செய்ய என்ன இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பணம் கட்டுகிறோம். கட்டிவிட்ட பிறகு யாருக்கும் நாம் கடன்பட்டவர்கள் அல்ல என்று நிம்மதியாக இருக்கிறோம். அந்த நிம்மதி நியாயமானதுதானா என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

மின்சாரம் பிறக்கும் இடம் ஒன்று. எரியும் இடம் வேறு. 1932-ஆம் ஆண்டில் நீலகிரியின் பைகாரா நீர் மின்சாரமாக மாறிக் கோயம்புத்தூருக்கு இறங்கி வந்தபோதே இந்தப் பிரச்னை நம் பக்கத்தில் தொடங்கிவிட்டது. 1937-இல் மேட்டூர் வந்தது. 1944-இல் பாபநாசம் வந்தது. தனித்தனியாக இருந்தவை பின்னர் ஒன்றோடொன்று கம்பியால் கைகோத்துக்கொண்டன. அதன் பிறகு மாநிலமும் மாநிலமும் கைகோத்தன. ஓர் இடத்தில் மிஞ்சியதை இன்னோர் இடத்தின் பற்றாக்குறைக்குக் கொண்டுபோகிற வழி பிறந்தது.

இந்த வழிகளைத் திட்டமிடுகிறவர்களின் வேலை லேசானதல்ல. பத்து வருஷம் கழித்து எந்த ஊருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்று அவர்கள் இன்றைக்கே கணக்குப் போட வேண்டும். குறைத்துப் போட்டால் இருட்டு. கூட்டிப் போட்டால் வீண் செலவு. அந்தச் செலவும் கடைசியில் கட்டணத்தில் ஏறி, ஒற்றை விளக்கு எரியும் வீட்டுக்கும் போய்ச் சேரும். ஒரு சூரிய மின் நிலையத்தை ஓரிரு வருஷத்தில் கட்டி முடித்துவிடலாம். அதன் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் நெடும்பாதைக்கு நாலைந்து வருஷங்கள் பிடிக்கும். ஆகவே, பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொட்டிலுக்கு மரம் பார்க்கிற கதைதான்.

அவர்களுக்கு ஒரு விதி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. பின்னிக் கிடக்கும் பாதைகளில் எந்த ஒன்று திடீரென்று போய்விட்டாலும், எந்த ஒரு டிரான்ஸ்பார்மர் பழுதானாலும், மிச்சமுள்ளவை அதன் பாரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஒன்று போனதற்காக எவர் வீட்டிலும் விளக்கு அணையக் கூடாது. கூட்டுக் குடும்பத்தில் ஒரு தம்பிக்கு வேலை போய்விட்டால் மற்ற சகோதரர்கள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறார்கள் அல்லவா? அதே தர்மத்தைத்தான் என்ஜினீயர்கள் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பாதைகள் வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. 2012-ஆம் ஆண்டைத் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் இரண்டு மணி நேர மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். விசைத்தறிகள் நின்றன. சின்னப் பட்டறைகள் பகலில் மூடிக் கிடந்தன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுவத்தியைத் தேடினார்கள். வட இந்தியாவில் விலைக்கு மின்சாரம் கிடைத்த நாட்களிலும் அதை வேண்டிய அளவு இங்கே கொண்டுவரப் பாதை போதவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் பாதை இணைந்த பிறகுதான் தென்னாட்டு மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே தாளத்தில் ஓடத் தொடங்கியது. பாதை போடாமல் காலம் கடத்தியதன் தண்டனையையும் ஏழைதான் அதிகம் அனுபவித்தான். இதை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

இதற்குப் பிறகு வருவதுதான் சங்கடமான விஷயம்.

சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரிலிருந்து நம் தமிழ்நாட்டுப் புகளூர் வரை ஒரு பாதை வந்திருக்கிறது. நீளம் ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர். அழுத்தம் 800 கிலோவோல்ட். சுமக்கும் திறன் 6,000 மெகாவாட். 2021-இல் அது முழுமை பெற்றது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அது நடுவில் நிற்காத ரயிலைப் போன்றது. ராய்கரில் ஏறிய மின்சாரம் புகளூரில்தான் இறங்கும். கம்பிக்கு நேர் கீழே இருக்கும் குடிசைக்கு அதிலிருந்து ஒரு பல்பு கூட எரிக்க முடியாது.

அந்தக் கம்பியின் கீழே சுமார் 69 மீட்டர் அகலத்துக்கு நிலம் காலியாக இருக்க வேண்டும். தென்னை வைக்கக் கூடாது. வீடு கட்டக் கூடாது. மூன்று ஏக்கர் தோட்டம் ஒன்றைச் சதுரமாக எண்ணிக்கொள்ளுங்கள். நடுவே இந்தப் பாதை போனால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் அதன் நிழலுக்குப் போய்விடும். பட்டா மட்டும் பழைய பெயரிலேயே இருக்கும். மகள் கல்யாணத்துக்காக நிலத்தை விற்கலாம் என்று போனால், விலை பேச வருகிறவன் முதலில் அண்ணாந்து பார்க்கிறான். பிறகுதான் விலை சொல்கிறான்.

இதற்கெல்லாம் ஆதாரமாக நின்ற அதிகாரம் தந்திக் கம்பம் நடுவதற்காக 1885-ஆம் ஆண்டில் எழுதிய சட்டத்திலிருந்து வந்தது. அதன்படி நிலம் உடையவனுடையதே. அதை உபயோகிக்கும் உரிமை மட்டும் கம்பம் நடுகிறவனுக்கு. அந்த அதிகாரத்தை மின்பாதை போடுகிறவர்களுக்கும் வழங்க 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் வழி செய்தது. தந்திக் கம்பத்துக்கு ஒரு முழ நிலம் போதும். உயர்மின் கோபுரத்துக்கு ஒரு வீட்டு மனை வேண்டும். கம்பத்துக்கு வெட்டிய சட்டையைக் கோபுரத்துக்கு மாட்டினார்கள். கிழிந்தது சட்டையல்ல, விவசாயியின் வாழ்வு.

இந்த இடத்தில்தான் ஒரு பழைய நியாயத்தை நாம் துணைக்கு அழைக்கிறோம். குலத்தைக் காக்க ஒருவனைக் கைவிடலாம், ஊரைக் காக்க ஒரு குலத்தையே கைவிடலாம் என்று மகாபாரதத்தில் விதுரன் சொல்லவில்லையா? கோடிப் பேருக்கு வெளிச்சம் வரும்போது ஒருவனின் தென்னந்தோப்பு போனால் என்ன?

விதுரன் சொன்னது உண்மை. ஆனால் யாரைக் கைவிடச் சொன்னான், யாரிடம் சொன்னான் என்பதை நாம் பார்ப்பதில்லை. அவன் கைவிடச் சொன்னது துரியோதனனை. நாடாளுகிறவனின் மூத்த மகனை. குலத்துக்கே நாசம் தேடித் தருகிறவனை. சொன்னது அந்த மகனைப் பெற்ற திருதராஷ்டிரனிடம். சொல்லைக் கேட்கிறவனுக்கே நெஞ்சு வெடிக்கும்படியான நீதி அது. அவன் கேட்கவில்லை, கேட்காததன் பலனைப் பதினெட்டு நாள் பார்த்தான். அந்த நீதியை நாம் எங்கே உபயோகிக்கிறோம்? எந்தக் குற்றமும் செய்யாத, நமக்கு உறவில்லாத, அதிகாரம் இல்லாத ஒருவன் மீது. நம் கையில் ஒரு கீறல்கூட விழாத இடத்தில் நீதி பேசுவது மிகவும் சுலபம்.

இன்னொரு சொல்லையும் நாம் தாராளமாக வழங்குகிறோம். நாட்டுக்காக விவசாயிகள் தியாகம் செய்தார்கள் என்கிறோம். தியாகம் என்பது கொடுக்கிறவன் தன் வாயால் சொல்ல வேண்டிய சொல். மறுக்க உரிமை இல்லாதவனிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவன் தியாகம் செய்தான் என்று எடுத்தவனே மேடையில் புகழ்வது நல்ல வழக்கமல்ல. அவனிடம் நாம் வாங்கியிருப்பது கடன். தியாகத்துக்கு மாலை போட்டு முடித்துவிடலாம். கடனை அப்படி முடிக்க முடியாது.

இதைப் படிக்கும் ஓர் என்ஜினீயர் பொறுமையாக எனக்குப் பதில் சொல்லக்கூடும். "பாதை எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? ஒருவர் நிலத்தை விட்டு விலகினால் பக்கத்துக்காரர் நிலத்தில் விழும். ஒவ்வொரு வளைவுக்கும் அதிகப் பலமுள்ள கோபுரம் வேண்டும், செலவு ஏறும். பூமிக்கடியில் கொண்டுபோனால் செலவு பல மடங்கு" என்பார். அவர் சொல்வது அத்தனையும் சரி. ஆனாலும் கோடு வளைந்துதான் இருக்கிறது. கோயிலைக் கண்டால் வளைகிறது. ஊரைக் கண்டால் வளைகிறது. காட்டைக் கண்டால் வளைகிறது. வளைய வேண்டியதுதான். புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் பாதை கேரளத்துக்குள் ஒரு பகுதியில் நிலத்துக்கடியில் கேபிளாகவே போகிறது. 2018, 2019-ஆம் ஆண்டுகளில் கொங்கு நாட்டு விவசாயிகள் போராடியபோது கேட்ட கேள்விகளில் ஒன்று இதுதான்: அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது, சாலையோரமாகப் புதைத்துக்கொண்டு போகக் கூடாதா? நேர்மையான பதில் ஒன்றுதான். முடியும், ஆனால் அவ்வளவு செலவு செய்ய நாம் தயாராக இல்லை. செலவுக்குக் காரணம் இருக்கலாம். அதை முடியாமை என்று சொல்லும்போதுதான் பேச்சில் பொய் கலந்துவிடுகிறது.

கோடு யாருக்காக வளைகிறது, யாருக்காக வளையவில்லை என்று பார்த்தால் ஒரு சமுதாயத்தின் மனசு தெரிந்துவிடும். வளையவே முடியாத இடங்கள் இருக்கும். அங்கே நஷ்டப்படுகிறவனுக்கு என்ன செய்தோம் என்பது அடுத்த கேள்வி.

பயிருக்கும் மரத்துக்கும் மட்டும் ஈடு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 2015-இல் மத்திய அரசின் வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பியின் கீழுள்ள பகுதிக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் தரலாம் என்றது. 2024 ஜூன் மாதம் அது 200 ஆகவும் 30 ஆகவும் உயர்ந்தது. நல்ல காரியம். ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இன்று 200 கொடுப்பது நியாயம் என்றால், 85 வாங்கிக்கொண்டு கோபுரத்தை ஏற்றவனுக்கு நாம் செய்தது என்ன? அதற்கும் முன்னே, வெட்டிய தென்னைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு போனவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு குறை உண்டு. அவன் கண்ணுக்கு லட்சம் பேர் தெரிய மாட்டார்கள், ஒருவன்தான் தெரிவான். திட்டமிடுகிறவருக்கு லட்சம் பேர் தெரிய வேண்டும். அது அவர் தொழில். ஆயினும் ஒன்று விழுந்தால் மற்றவை தாங்க வேண்டும் என்ற விதியை எழுதியவரும் அவரேதான். ஒரு கம்பி அறுந்தால் அதன் பாரத்தை மற்றக் கம்பிகள் பகிர்ந்துகொள்ளும்படி பார்த்துக்கொள்கிறவர், ஒரு குடும்பம் சாயும்போது அந்தப் பாரத்தையும் மற்றக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும்படி ஏன் செய்யக் கூடாது? இரும்புக்குக் காட்டிய பரிவு மனிதனுக்கும் உரியதுதானே?

அந்த விவசாயிகள் இன்னொன்றும் கேட்டார்கள். செல்போன் கோபுரத்துக்கு மாதா மாதம் வாடகை கொடுக்கிறார்களே, உயர்மின் கோபுரத்துக்கு ஏன் இல்லை? படித்தவர்கள் பலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி, தொகையைக் காட்டிலும் பெரிய விஷயத்தைச் சொல்வதாகப் படுகிறது. ஒரேயடியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டால் கொடுத்தவன் மறந்துவிடலாம். வாடகை கொடுக்கிறவன் மறக்க முடியாது. நிலம் இன்னும் அவனுடையது, நாம் குடியிருக்கிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

நம் வீட்டு மின் கட்டணச் சீட்டில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வரிகள் இருக்கின்றன. கம்பியைத் தாங்கும் நிலத்துக்கு வாடகை என்று இன்னும் ஒரு வரி இருக்கட்டும். கோடிப் பேர் பங்குபோட்டால் ஒரு வீட்டுக்குச் சொற்பக் காசுதான் வரும். காசு சொற்பமானாலும் பரவாயில்லை. பணம் கட்டப் போகும்போது அந்த வரியை நாம் ஒரு தரம் படிப்போம்.