தேய்ந்த கால்கள்

முதுமை மனிதனிடம் முதலில் எங்கே வந்து உட்காருகிறது? தலைநரையில் என்று நாம் சொல்லுவோம். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கேட்டுப் பாருங்கள், முழங்காலில் என்பார்கள்.

கிரேன்களும் கன்டெய்னர்களும் பெருகும் முன்னர், சென்னைத் துறைமுகத்தில் எத்தனையோ மூட்டைகள் மனிதர் முதுகில்தான் ஏறின. காசிமேட்டு மீனைக் கூடையில் சுமந்து தெருத் தெருவாய் நடந்த பெண்களும் உண்டு. அப்படி உழைத்தவர்களுக்கு முதுமையில் நாலு படிக்கட்டுகூட மலையாகிவிடுகிறது.

1960-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி, 'ஹார்டிமேன்' என்றொரு யந்திரக் கவசத்தைச் செய்ய முற்பட்டது. அதை அணிந்தவன் சுமார் 680 கிலோ பாரத்தைத் தூக்க வேண்டும் என்பது திட்டம். கவசத்தின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான்! மனிதன் அணிந்து முழுமையாக இயக்கும் நிலைக்கு அது வரவேயில்லை.

சுமை தூக்க எழுந்த அந்த ஆசை, தளர்ந்த கால்களின் பக்கமும் திரும்பியிருக்கிறது. ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் உருவாக்கிய 'ஹால்' என்ற கருவியை இடுப்பிலும் காலிலும் கட்டிக்கொள்கிறார்கள். நடக்க நினைத்ததும் மூளை தசைக்கு அனுப்பும் மெல்லிய மின்குறியைத் தோலின் மேலேயே அறிந்து, மூட்டருகிலுள்ள மோட்டார் துணை செய்கிறது. 2015-ல் ஜப்பானிய அரசு அதைச் சில நரம்புத்தசை நோய்களுக்கான மருத்துவக் கருவியாக அங்கீகரித்தது.

இத்தகைய கருவிகள் நம் ஊர் முதியவர்களுக்கும் வரட்டும் என்றால், "ஆகட்டும், பெரிய தருமம்" என்று தலையசைப்போம். எனக்கு அந்தச் சொல்லில்தான் சங்கடம். தருமம் என்றால் மனம் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். கடனை அப்படி விட முடியுமா?

"கூலி கொடுத்தாயிற்றே, கடன் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கூலி அன்றைய பொழுதுக்கு. அன்றைய அடுப்புக்கே அது சரியாய்ப் போயிற்று. முப்பது வருஷத்தில் தேய்ந்த முழங்காலுக்கு யார் விலை பேசினார்கள்? அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அவர்கள் இறக்கிய அரிசியையும் கோதுமையையும் உண்டு வளர்ந்தது இந்த நகரம் முழுவதும்.

விலை கட்டாது என்பதும் முடிந்த முடிவல்ல. உட்கார்ந்தவரை எழுந்து நிற்க வைக்கும் 'அரைஸ்' சக்கர நாற்காலியைச் சென்னை ஐ.ஐ.டி. 2019-ல் சுமார் 15,000 ரூபாய் விலையில் வெளியிட்டது. நடக்க வைக்கும் கருவி இன்னும் கடினமானது, செலவும் அதிகம். என்றாலும், கடன்பட்டவன் தொகை பெரிது என்பதற்காகக் கணக்கைக் கிழித்துப் போடுவதில்லை. தவணையிலாவது கட்டத் தொடங்குகிறான்.