சாமி சொத்து யாருடையது?

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் 1799 மே 4இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து கொள்ளையிடப்பட்டது. வில்கி காலின்ஸின் பரபரப்பு நாவலான ‘தி மூன்ஸ்டோன்’ (1868) அந்தக் கொள்ளையில்தான் தொடங்குகிறது. சந்திரன் சிலையின் வைரத்தை ஆங்கில அதிகாரி பறிக்கிறான். உயில்வழி அது யார்க்‌ஷயர் பெண்ணொருத்திக்குப் பிறந்தநாள் பரிசாகிறது. கடைசியில் சிலைக்கே திரும்புகிறது. கற்சிலை எதையாவது உடைமையாகக் கொள்ள முடியுமா? முடியும் என்பேன். உடையவர் தெய்வம் என்றால், எந்தத் தலைமுறையும் அதை விற்க முடியாது. அந்த நம்பிக்கையின் நடைமுறைப் பொருள் அதுவே. வைரத்தை மீட்கும் அந்தணர்கள் கொலையும் செய்கிறார்களே, எல்லாம் கீழைநாட்டு மர்மப் பூச்சுதானே என்பார்கள். பூச்சு உண்டு, கொஞ்சம் தடிமனாகவே. ஆனால் மீட்டவரின் குற்றம் திருடியவருக்கு உரிமை தந்துவிடாது. கதைக்கு வெளியேயும் இது நடந்தது: தமிழகக் கோயிலிலிருந்து திருடுபோன பத்தூர் நடராசர் சிலை பற்றிய வழக்கில், கோயிலே வழக்காடலாம் என்று லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஏற்றது. நடராசர் தமிழகம் திரும்பினார்.