ஒரு பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம்



அன்னதானத்திற்குக் கேட்டால் நம்மவர் அரிசியை மூடையாகவே இறக்கி விடுவார்கள். ஆயினும் தகப்பனை இழந்த பிள்ளைக்குச் சோறு மட்டும் போதாது. "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்கவும் ஓர் ஆள் வேண்டும்.

நமது காரைதீவில் 1892இல் அவதரித்த சுவாமி விபுலானந்தர் இதனை நன்குணர்ந்தவர். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய அவர், ஆதரவற்ற சிறுவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்து, கூடவே கல்வியும் தந்தார்.

2004 மார்கழி 26இல் கடல் பொங்கியபோது மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு என்று பாராமல், தமிழர் முஸ்லிம் என்ற பேதமுமின்றி, பிள்ளைகள் பெற்றோரை இழந்தனர். நிவாரணம் சில மாதங்களில் முடிந்தது. பிள்ளைகள் வளரவோ பல வருடங்கள் எடுத்தன.

ஆகவே அடியார்களே, வாரம் ஒரு மணித்தியாலம் ஒரே பிள்ளைக்கு ஒதுக்குங்கள். ஆசிரியராக இருந்தவர் பாடம் சொல்லலாம். கந்தோரில் வேலை பார்த்தவர், தனித்து நிற்கும் தாய்மாருக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கவும் அஸ்வெசும விண்ணப்பம் நிரப்பவும் துணை செய்யலாம்.

இரண்டு கட்டுப்பாடுகள் அவசியம். பாடம் தாயார் அறிய, பலர் காணும் இடத்திலேயே நடக்க வேண்டும். தொடங்கினால் இடையில் விடலாகாது. ஏற்கனவே ஒருவரை இழந்த பிள்ளை, நம்மாலும் கைவிடப்படக் கூடாது.

பிள்ளையின் கையைப் பிடித்து நடத்துவதும் பூசையே. அம்பாளின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.