பெயரும் ஓர் அமானிதமே

ஒருவர் தம் பணமுடிப்பை நம் கடையில் வைத்துவிட்டு ஊருக்குப் போகிறார். அவர் யோக்கியரா என்று விசாரித்த பிறகுதானா அதைப் பெட்டியில் பூட்டுகிறோம்? இல்லை. ஒப்படைத்தவர் எப்படிப்பட்டவராயினும் அமானிதம் அமானிதமே. வர்த்தகம் செய்யும் நம்மவர்க்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நோயாளியின் பெயர் விஷயத்தில் மட்டும் இதை ஏன் மறந்துவிடுகிறோம்?

மலேசியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986ஆம் ஆண்டில் முதன்முதலாக அறியப்பட்டது. 2006 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதற்கான முதல்நிலை மருந்துகள் குடிமக்களுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. மருந்தைத் தவறாது உட்கொண்டு, பரிசோதனைக்கும் அகப்படாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவினாலும் அது பிறருக்குத் தொற்றுவதில்லை. தேநீர்க் குவளையாலோ கைகுலுக்குவதாலோ அது என்றைக்கும் தொற்றியதில்லை. அப்படியிருந்தும் மருந்தைத் தேடி வராதவர் பலர்.

திருநங்கையரைப் பாருங்கள். 15 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான கணக்கின்படி, அவர்களுள் நூற்றுக்குச் சுமார் 19 பேருக்கு இத்தொற்று இருந்தது. வீட்டார் துரத்தி, வேலை கொடுப்பாருமின்றி, உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்தவர் அவர்களில் அநேகர். பெண்ணுடையில் ஆஸ்பத்திரி வரிசையில் அமர்ந்திருப்பவரை, அடையாள அட்டையிலுள்ள ஆண் பெயரால் உரக்கக் கூப்பிட்டால் கூடமே திரும்பிப் பார்க்கும். அடுத்த தவணைக்கு அவர் வரத் தயங்குவார். மருந்து நின்றால் கிருமி மறுபடியும் பெருகும். கோலாலம்பூரில் 1987இல் தொடங்கிய பி.டி. பவுண்டேஷனில் திருநங்கையரே ஊழியராக இருந்து தம்மவரைத் தேடிச் சென்றிருக்கின்றனர். தன்னைப் போன்ற ஒருவர் அழைத்தால் வருவதற்குக் கால் கூசாதல்லவா?

பெயர் வெளிப்படும் என்ற அச்சம் வீண் அச்சமுமன்று. சிங்கப்பூரில் எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் கசிந்துவிட்ட செய்தி 2019 ஜனவரியில் வெளியானது.

“அவர்கள் நடத்தையை ஆதரிக்கச் சொல்கிறீரா?” என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நடத்தையைப் பற்றி அவரவர்க்குள்ள அபிப்பிராயத்தை நான் மாற்ற வரவில்லை. முடிப்பை வைத்துச் சென்றவரைப் பற்றியும் நமக்கு அபிப்பிராயம் இருக்கத்தான் செய்கிறது. முடிப்பைத் திருப்பித் தராமலா இருக்கிறோம்? நோயை மனைவிக்கோ கணவனுக்கோ மறைக்கலாமா என்ற கேள்வி கடினமானது. எனினும் அது நோயாளியும் வைத்தியரும் பேசித் தீர்க்க வேண்டியது. பக்கத்துக் கடைக்காரர் தீர்க்க வேண்டியதன்று.

இதை எழுத எனக்குக் கூச்சமே. சில வருஷங்களுக்கு முன், என் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ ஒரு திருநங்கை இருந்தார். நல்ல உழைப்பாளி. அவருடைய மருந்துப் புட்டி ஒருநாள் என் கண்ணில் பட்டது. கேட்டேன், ஒளிக்காமல் சொன்னார். அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதில் எனக்குள் ஒரு பெருமை கூட இருந்தது. ஆனால் அன்றிரவே ஒரே ஒரு சிநேகிதரிடம், “வேறு யாருக்கும் சொல்லாதீர்” என்ற எச்சரிக்கையோடு சொன்னேன். ஒரு வாரத்தில் தெரு முழுவதும் அறிந்தது. அவர் குடித்த குவளையைப் பையன்கள் தனியே வைத்தார்கள். மறுநாள் அவர் வரவில்லை. எங்கே போனார், மருந்து வாங்குகிறாரா என்று விசாரித்துப் பார்த்தும் தகவல் கிடைக்கவில்லை.

அவருடைய பதினோரு நாள் சம்பளம் என் பேரேட்டில் இன்னும் பாக்கியாக நிற்கிறது.