மூலமொழியும் அறப்பொறுப்பும்

பவுல் கிரேக்கத்தில் எழுதிய பிலேமோன் நிருபம் 25 வசனங்களே கொண்டது. ஒநேசிமு என்னும் அடிமையை எசமானனாகிய பிலேமோனிடம் திருப்பியனுப்புகையில் எழுதப்பட்டது. அதன் 16ஆம் வசனத்திலுள்ள 'டூலோஸ்' என்னும் சொல் அடிமையையே குறிக்கும். 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்போ பணியாள் எனப் பொருள்படும் சொல்லை அங்கு இட்டது. அம்மென்சொல்லின் பின்னே, ஒரு மனிதன் மற்றொருவனின் உடைமையாயிருந்த கொடுமை மறைந்துவிடுகின்றது.

ஆயின், மூலத்தைக் கற்போர் இன்னொன்றையும் காண்பர். ஒநேசிமுவை அன்புச் சகோதரனாக ஏற்குமாறு வேண்டும் பவுல், விடுதலை செய்யுமாறு வெளிப்படையாகக் கட்டளையிடவில்லை. இதனாலன்றோ 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைமுறையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இந்நிருபத்தையே சான்றுகாட்டினர். மூலமொழியறிவு தீர்ப்பைத் தருவதில்லை. தீர்ப்பளிக்கும் பொறுப்பினை மறைக்கும் திரையையே நீக்குகின்றது. சகோதரனை உடைமையாகக் கொள்ளல் தகுமோ என்னும் வினா, பிலேமோனுக்குப் போலவே வாசகனுக்கும் உரியது.