நரி குற்றவாளியா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில், வீட்டுப் புறக்கடையில் நாலைந்து நாட்டுக்கோழிகள் மேய்வதை இன்றும் காணலாம். முட்டை விற்ற காசு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு, சேவல் திருவிழாவுக்கு. ஏழைத் தாய் ஒருத்தியின் உண்டியல் அதுவே. ஓரிரவு நரி புகுந்தால் உண்டியல் காலியாகிவிடும். மறுநாள், செத்த கோழிக்குள் குருணை மருந்தை வைத்து வேலியோரம் போட்டால் என்ன என்ற எண்ணம் எழுகிறது. கோழியைக் காக்கும் கடமை, நரியைக் கொல்லும் உரிமையை நமக்குத் தருகிறதா?

முதலில், நரி செய்தது குற்றமா என்று பார்ப்போம். ஓநாயைக் கண்ட ஆடு ஓடுவது ஆராய்ந்து எடுத்த முடிவன்று, இயல்பூக்கமே என்கிறார் புனித தோமா அக்குவினா. ஆய்ந்து தெரியும் உரிமை இல்லாத இடத்தில் பாவமும் இல்லை. ஒரே இரவில் பத்துக் கோழிகளைக் கடித்துப் போடுவது பேராசை அன்றோ என்பர் சிலர். தப்பியோட வழியின்றி அடைபட்ட கோழிகள் சிறகடிக்கும்போது, வேட்டையூக்கம் அடங்குவதில்லை, அவ்வளவே. திருட்டும் வஞ்சகமும் நாம் நரிக்குச் சூட்டிய பெயர்கள். அதே நாம்தான் நரி முகத்தில் விழித்தால் யோகம் என்றும் சொல்கிறோம். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பகுதியில் இந்நம்பிக்கையால் பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்து ஊர்வலம் விட்ட வழக்கத்தை வனத்துறை தடுக்க வேண்டியதாயிற்று. பழித்தாலும் புகழ்ந்தாலும் துன்புறுவது நரியே.

நஞ்சோ ஆள் பார்த்துக் கொல்வதில்லை. நாயும் காகமும் பருந்தும் அதே இறைச்சியைத் தின்று மடியும். நம் பகுதியில் நரி என்று வழங்கும் குள்ளநரி, வயல் எலிகளையும் செத்த விலங்குகளையும் தின்று நமக்குத் துணைபுரிகிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் போதிக்கிறது.

அப்படியானால் காப்பது எவ்வாறு? லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் ஏரோதை நரி என்றழைத்த இயேசு பெருமான், அடுத்த சில வசனங்களிலேயே தம்மைக் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிடுகிறார். தாய்க்கோழி நரியைத் தேடிப் போவதில்லை, குஞ்சுகளை அணைத்துக்கொள்கிறது. நம் கடமையும் அத்தகையதே. பொழுது சாயுமுன் கோழிகளை அடைக்க வேண்டும். பஞ்சாரத்தை நரி எளிதில் புரட்டிவிடும். மெல்லிய கோழிவலையைக் கடித்துக் கிழித்துவிடும். தடித்த பற்றவைப்புக் கம்பிவலை வேண்டும். அதன் அடிப்பகுதியை ஓரடி ஆழம் புதைத்து வெளிப்புறமாக மடக்கிவிட்டால், தோண்டினாலும் உள்ளே நுழைய இயலாது. கதவுக்குத் தாழ்ப்பாளும் தேவை. கோழிக்குடலை வீட்டருகே வீசுவது நரிக்கு நாமே வைக்கும் அழைப்பு.

இங்கேதான் நீதியின் கேள்வி எழுகிறது. கம்பிவலைக்குப் பணம் வேண்டும். உண்டியலை இழந்தவளிடம் அது ஏது? முட்புதர்கள் அழிந்து ஆலைகளும் மனைப்பிரிவுகளும் எழுந்தபோது பயன் பெற்றோர் பலர்; புகலிடம் இழந்த நரி வந்து சேர்வதோ மிகச் சிறிய வீட்டின் புறக்கடைக்கு. நரியைக் கொல்லாதே என்று அவளிடம் சொல்வது சரியே. ஆனால் சொல்லிவிட்டு நாம் வீடு திரும்பிவிட்டால், நம் இரக்கத்தின் விலையை அவள் தலையில் கட்டியவர்கள் ஆவோம். ஓர் அன்பியத்தார் ஒரு ஞாயிறு பிற்பகல் கூடினால் ஓர் உறுதியான கூடு எழும்பிவிடும். வலைக்கான செலவை வின்சென்ட் தே பவுல் சபையினர் பகிர்ந்துகொள்ளலாம்.

நரியை மன்னிக்கத் தேவையில்லை. அது குற்றவாளியே அன்று. ஆனால் அயலாரின் கூட்டுக்குக் கதவில்லை என்று அறிந்தும் நாம் வாளாவிருந்தால், அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.